போசாதாவின் எலும்புகளும் ஒரோஸ்கோவின் நெருப்பும்

1913 ஜனவரி 20 அன்று, மெக்சிகோ நகரத்தில் தெப்பீத்தோ என்ற ஏழைகள் பேட்டையில், ஒரு படக்காரர் இறந்துபோனார். பெயர் ஹோசே குவாதலூப்பே போசாதா. இன்னும் இரண்டு வாரம் இருந்திருந்தால் 61 வயது முடிந்திருக்கும். வாழ்நாள் முழுவதும் மலிவு விலை அச்சுத்தாள்களுக்குப் படம் செதுக்கிக் கொடுத்தவர். கையில் காசில்லை. தோலோரெஸ் கல்லறைத் தோட்டத்தில், ஏழைகளுக்கு ஒதுக்கிய வரிசையில் இலவசமாகப் புதைத்தார்கள். அந்த இடத்துக்கு ஏழு ஆண்டுதான் கெடு. கெடு முடிந்தபோது எலும்புகளைக் கேட்டு யாரும் வரவில்லை. தோண்டி எடுத்துப் பொதுக்குழியில், பெயர் தெரியாத மற்ற எலும்புகளோடு போட்டுவிட்டார்கள்.

எலும்புக்கூடு வரைவதற்கென்றே பிறந்தவர் என்று இன்று உலகம் கொண்டாடும் ஒருவரின் எலும்புக்கூடு எங்கே என்று யாராலும் காட்ட முடியாது. மெக்சிகோவின் மரண ஓவியங்களைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்ததே இந்தச் செய்தியைத் தற்செயலாகப் பார்த்த பிறகுதான்.

போசாதா 1852-ல் அகுவாஸ்காலியெந்தஸ் என்ற ஊரில் பிறந்தவர். லெயோன் நகரத்தில் அச்சுத் தொழில் செய்துவந்தார். 1888-ல் அங்கே பெருவெள்ளம் வந்து ஊரையே அழித்தது. அதன் பிறகு தலைநகருக்கு வந்து, அந்தோனியோ வானேகாஸ் அரோயோ என்ற பதிப்பாளரிடம் சேர்ந்தார். வானேகாஸ் அரோயோ விற்றது ஒன்றிரண்டு சென்டாவோ காசுக்குக் கிடைக்கும் வண்ணத்தாள்கள். கொலை, தூக்குத் தண்டனை, ரயில் விபத்து, பிரார்த்தனை, காதல் கடிதம் எழுதும் முறை, சமையல் குறிப்பு என்று எல்லாம் அதில் உண்டு. நம் ஊரில் ஒரு காலத்தில் ரயில் நிலைய வாசல்களில் பாடி விற்ற கொலைச்சிந்து புத்தகங்களைப் பார்த்த தலைமுறைக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. வாங்குபவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் படம்தான் செய்தி.

தொழில்நுட்பத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதலில் அச்செழுத்து வார்க்கும் உலோகத்திலேயே உளியால் நேரடியாகச் செதுக்கினார். பிறகு வேலை குவிந்ததும் துத்தநாகத் தகட்டுக்கு மாறினார். அமிலம் தின்னாத மையால் தகட்டின்மேல் வரைவது. தகட்டை அமிலத்தில் முக்குவது. மை பட்ட கோடுகள் மட்டும் மேடாக நிற்கும், மற்ற இடம் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். மேடான தகட்டை எழுத்துகளோடு சேர்த்துப் பூட்டி ஒரே ஓட்டத்தில் அச்சடித்துவிடலாம். காலையில் நடந்த கொலைக்கு மாலையில் படம் தயார்.

ஆண்டுதோறும் நவம்பர் மாதம் முதல் இரண்டு நாள், இறந்தோர் நாளை ஒட்டி, 'கலாவேரா' தாள்கள் வரும். கலாவேரா என்றால் மண்டையோடு. உயிரோடு இருக்கும் மந்திரி, தளபதி, மளிகைக்கடைக்காரர் எல்லோரையும் செத்துப்போனவர்களாக வைத்துக் கேலிப் பாட்டு எழுதுவார்கள். அதற்குப் போசாதா படம் போடுவார். எலும்புக்கூடுகள் சைக்கிள் ஓட்டும், குதிரை ஏறும், சரக்கடித்துவிட்டு ஆடும். மேல்தட்டு, கீழ்த்தட்டு என்ற வித்தியாசம் தோலோடு போய்விடுகிறது. சர்வாதிகாரி போர்ஃபிரியோ தியாஸ் 1876 முதல் 1911 வரை, நடுவில் ஒரு சிறு இடைவெளி தவிர, ஆண்ட காலம் அது. அப்போது இதைச் சும்மா சிரிப்பு என்று சொல்லிவிட முடியாது.

அவர் கடைசியாகச் செய்தவற்றில் ஒன்று, பூவும் இறகும் வைத்த பெரிய தொப்பி அணிந்த ஒரு மண்டையோடு. தலை மட்டும்தான்; உடம்பு கிடையாது. கொண்டைக்கடலை விற்ற பழங்குடிப் பெண்கள், பணக்காரப் பிரெஞ்சுச் சீமாட்டி போல வேஷம் கட்டித் தம் வேரை மறைத்துக்கொள்வதைக் கிண்டல் செய்ய அந்தப் படம். அது அச்சேறி வெளிவந்தபோது போசாதா உயிரோடு இல்லை. இந்தத் தொப்பிக்காரிக்கு வேறொருவர் உடம்பு கொடுத்தது 34 ஆண்டுகள் கழித்து. அதைப் பிறகு சொல்கிறேன்.

வானேகாஸ் அரோயோவின் கடைத் தெருவில், பள்ளிக்கூடம் போகும் வழியில், ஒரு பையன் தினமும் நின்று வேடிக்கை பார்ப்பான். போசாதா வேலை செய்வது தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி கண்ணாடிக்குப் பின்னால். பையன் சில நாள் துணிந்து உள்ளே போய், உளியிலிருந்து உதிர்ந்த உலோகச் சுருள்களைப் பொறுக்கிக்கொண்டு வருவான். பிற்காலத்தில் அவனே எழுதிய சுயசரிதையில் இது இருக்கிறது. தன் கற்பனையை முதலில் கிளறிவிட்டது அந்த ஜன்னல்தான் என்கிறார் ஹோசே கிளெமெந்தே ஒரோஸ்கோ. இந்தக் கட்டுரையின் நாயகர் உண்மையில் இவர்தான்.

ஒரோஸ்கோவுக்கு வருவதற்கு முன், அந்த மண்ணில் எலும்புக்கு என்ன மரியாதை என்று பார்த்துவிடலாம்.

ஆஸ்தெக் மக்களின் பாதாள உலகம் மிக்த்லான். அதன் அதிபதி மிக்த்லான்தெகூத்லி. முந்தைய உலகங்கள் அழிந்து மனிதர்களே இல்லாமல் போனபோது, இறகுப்பாம்புத் தெய்வமான கெட்ஸால்கோவாத்ல், பழைய மனிதர்களின் எலும்புகளைக் கேட்டு மிக்த்லானுக்கு இறங்கிப் போகிறது. அதிபதி ஒரு சங்கைக் கொடுத்து ஊதச் சொல்கிறான். சங்கில் துளையே இல்லை. புழுக்கள் துளை போட, தேனீக்கள் உள்ளே புகுந்து ரீங்கரிக்க, சங்கு ஒலித்துவிடுகிறது. எலும்புகளோடு திரும்பும் வழியில் அதிபதியின் ஆட்கள் பள்ளம் தோண்டி வைக்கிறார்கள். காடைகள் விருட்டென்று பறக்க, தெய்வம் மிரண்டு விழுகிறது, எலும்புகள் நொறுங்குகின்றன. நொறுங்கியதைப் பொறுக்கிக்கொண்டு வந்து, ஒரு பெண் தெய்வம் அதை மாவாக அரைக்க, தேவர்கள் தம் ரத்தத்தை அதன்மேல் சொட்டினார்கள். அதிலிருந்து பிறந்தவர்கள்தான் நாம். சிலர் நெட்டை, சிலர் குட்டை என்று இருப்பது எலும்பு உடைந்ததால்தான் என்று ஒரு கதை வடிவம் சொல்கிறது.

இந்தக் கதையில் எலும்பு என்பது முடிவல்ல, விதை. மெக்சிகோ ஓவியத்தில் மண்டையோட்டைப் பார்க்கும்போது நமக்கு ஏற்படும் திகில் அங்கே ஏற்படாததற்கு இது ஒரு காரணம்.

ஒரு காரணம்தான். இன்று சுற்றுலாப் பிரசுரங்கள் 'மூவாயிரம் ஆண்டு ஆஸ்தெக் பண்டிகை' என்று சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆஸ்தெக் பேரரசுக்கே அவ்வளவு வயது கிடையாது. பழைய நாட்காட்டியில் இறந்த சிறியவர்களுக்கு ஒரு விழாவும், பெரியவர்களுக்கு ஒரு விழாவும் இருந்தது உண்மை. ஆனால் அவை ஏறக்குறைய ஆகஸ்ட் மாதத்தில் வந்தன. நவம்பர் 1, 2 என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் சகல புனிதர் நாளும் சகல ஆன்மாக்கள் நாளும். ஸ்பெயின் நாட்டிலும் அந்த நாட்களில் கல்லறைக்கு ரொட்டி, மெழுகுவர்த்தி கொண்டுபோகும் வழக்கம் இருந்தது. சர்க்கரையில் மண்டையோடு செய்ய வேண்டுமென்றால் முதலில் கரும்பு வேண்டும். கரும்பு ஸ்பானியர்கள் கொண்டுவந்த பயிர். இந்தப் பக்கம், 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த தியேகோ துரான் என்ற பாதிரியார் ஒரு சந்தேகத்தை எழுதி வைத்திருக்கிறார். சகல புனிதர் நாளன்று மக்கள் இறந்த குழந்தைகளுக்குப் படையல் வைக்கிறார்கள், மறுநாள் பெரியவர்களுக்கு வைக்கிறார்கள். பழைய விழாவைத்தான் நம் பண்டிகைக்குள் ஒளித்துவிட்டார்களோ என்று கேட்கிறார். எனக்குத் துரானின் சந்தேகம் நியாயமாகவே படுகிறது.

1910 புரட்சிக்குப் பிறகு வந்த அரசுகள் இந்த நாளைத் தேசிய அடையாளமாக வளர்த்தன. பழங்குடிப் பக்கத்தை முன்னே கொண்டுவந்து, திருச்சபைப் பக்கத்தைச் சற்றுப் பின்னே தள்ளின. ஆக, இன்றைய பண்டிகையில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன.

படையல் மேடையில் போட்டோ, தண்ணீர், உப்பு, ரொட்டி, செத்தவருக்குப் பிடித்த சாப்பாடு, குங்கிலியம் போன்ற கொப்பால் பிசின் புகை. வாசலிலிருந்து மேடை வரை மஞ்சள் பூவிதழ் தூவிப் பாதை. வருகிறவருக்கு வழி தெரிய வேண்டுமே! அந்தப் பூவின் பெயர் செம்பசூச்சில். பழைய நாவாத்ல் மொழியில் 'இருபது இதழ்ப் பூ' என்று பொருள். நமக்கு அது வேறு யாருமல்ல, செண்டுமல்லி. துலுக்கச் சாமந்தி என்றும் சொல்வோம். பெயரில் துருக்கி இருந்தாலும் பிறந்தகம் மெக்சிகோ. ஐரோப்பியக் கப்பல்களில் ஏறி இங்கே வந்தது. நம் மாலைகளில் இவ்வளவு உரிமையோடு உட்கார்ந்திருக்கும் பூ, கொலம்பஸுக்கு முன்னால் நம் முன்னோர் பார்த்தே இராத பூ என்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இப்போது ஒரோஸ்கோ.

1883-ல் ஹாலிஸ்கோ மாநிலத்தில் பிறந்தவர். முதலில் படித்தது விவசாயம். இளம் வயதில் வெடிமருந்தோடு விளையாடப்போய் இடது கை போய்விட்டது, கண்பார்வையும் கெட்டது. பின்னாளில் அமெரிக்கப் பத்திரிகைகள் அவர் புரட்சியில் குண்டு வீசிக் கையை இழந்தார் என்றெல்லாம் எழுதின. அவர் சுயசரிதையில் அதைக் கிண்டல் செய்து, அது எல்லோருக்கும் நேரக்கூடிய சாதாரண விபத்து என்று முடித்துவிடுகிறார். வீர வேஷம் அவருக்கு ஒத்துவராது.

புரட்சியை அவர் நேரில் பார்த்தார். 1915-ல் ஒரிசாபா நகரத்தில், கர்ரான்சா அணியின் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் போட்டுக்கொண்டிருந்தார். கைப்பற்றிய மாதா கோயிலில் அச்சு இயந்திரங்கள் ஓடின. காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ரயில்கள் வந்தன. பிடிபட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். புரட்சி தனக்கு ஒரு கேளிக்கைத் திருவிழா என்று கசப்போடு எழுதிவிட்டு, அடுத்த பக்கங்களிலேயே இந்தக் கோரங்களை வரிசையாகச் சொல்கிறார். பத்து ஆண்டு உள்நாட்டுப் போரில் இறந்தவர்கள் சுமார் 10 லட்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. போசாதா இதன் பெரும்பகுதியைப் பார்க்காமலே போனார். அவர் இறந்து மூன்று வாரத்தில்தான் தலைநகரத் தெருக்களிலேயே பத்து நாள் பீரங்கிச் சண்டை நடந்தது. அதிபர் மதேரோ கொலை செய்யப்பட்டார்.

1917-ல் ஒரோஸ்கோ அமெரிக்கா போனார். எல்லையில் லாரெடோவில் சுங்க அதிகாரிகள் அவர் கொண்டுபோன படங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். விலைமாதர்களின் அவலத்தை வரைந்த படங்கள் அவை. ஒழுக்கக்கேடு என்று சொல்லி, சுமார் 60 படங்களைக் கிழித்துப் போட்டார்கள்.

இவரைக் கலை விமர்சகர்கள் எக்ஸ்பிரஷனிஸ்ட் என்பார்கள்; தமிழில் வெளிப்பாட்டியம் என்று எழுதுகிறார்கள். 1905-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர இளைஞர்கள் தொடங்கிய போக்கு. கண்ணில் படும் உருவத்தை அளவு மாறாமல் வரைவதை விட, உள்ளே கொதிப்பதற்கு ஏற்ப உருவத்தை முறுக்கி, நிறத்தைக் கூட்டி வரைவது. ஆனால் ஒரோஸ்கோ இதை ஜெர்மனியிலிருந்து இறக்குமதி செய்ததாக நினைக்க வேண்டாம். கோட்டை முரட்டுத்தனமாக வெட்டுவதைப் போசாதாவின் ஜன்னலிலேயே பார்த்துவிட்டார். மீதியை ஒரிசாபா கற்றுக்கொடுத்தது.

தலைநகரத்தின் தேசிய ஆயத்தப் பள்ளிச் சுவர்களில் 1923-ல் வரையத் தொடங்கினார். மறு ஆண்டு மாணவர்கள் கலகம் செய்து ஓவியங்களைச் சுரண்டினார்கள், கல்லால் அடித்தார்கள். வேலை நின்றது. 1926-ல் திரும்பி வந்து, தன்னுடைய பழைய சுவர்களில் சிலவற்றைத் தானே அழித்துவிட்டு மறுபடி வரைந்தார். அப்போது பிறந்ததுதான் 'பதுங்குகுழி'. மூன்று மனிதர்கள். ஒருவன் மண்டியிட்டுக் கையால் முகத்தை மூடியிருக்கிறான். மற்ற இருவரும் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து கிடக்கிறார்கள். அந்த உடல்களின் கோடுகளைச் சேர்த்துப் பார்த்தால் சிலுவை. பின்னால் ரத்தச் சிவப்பு. எந்தக் கட்சி, எந்தப் படை, வென்றார்களா, தோற்றார்களா, ஒரு தடயமும் இல்லை. மூன்று பேருக்கும் முகம் தெரியவில்லை. போசாதாவின் எலும்புக்கூடுகளுக்கு முகமே இல்லாதபோதும் ஆளை அடையாளம் காண முடியும். ஒரோஸ்கோவின் மனிதர்களுக்குத் தசை இருந்தும் அடையாளம் கிடையாது. எண்ணிப் பார்த்தால் இதுதான் இருவருக்கும் நடுவில் நடந்துபோன போர்.

மகளோடு சில மாதம் அமெரிக்காவில் இருந்தபோது, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹனோவர் என்ற சின்ன ஊருக்குப் போனோம். டார்ட்மவுத் கல்லூரியின் பேக்கர் நூலகத்தில், கீழ்த்தளத்தில் ஒரு நீண்ட கூடம். 1932-லிருந்து 1934 வரை அதன் சுவர்களில் ஒரோஸ்கோ 'அமெரிக்க நாகரிகத்தின் இதிகாசம்' என்ற தொடரை வரைந்தார். ஏறக்குறைய 3,200 சதுர அடி. ஈரச் சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் வண்ணம் ஏற வேண்டும்; ஒரு நாளில் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் பூச வேண்டும்; தவறினால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். இதை ஒற்றைக் கையோடு, தடித்த கண்ணாடி போட்ட மனிதர் சாரத்தில் ஏறிச் செய்திருக்கிறார். நாங்கள் போனபோது மாணவர்கள் அதே கூடத்தில் மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே நடப்பதை நினைத்தால் எப்படிப் படிப்பு ஓடுமோ!

'நவீன உலகின் தெய்வங்கள்' என்று ஒரு பகுதி. தடித்த புத்தகங்களின்மேல் ஒரு எலும்புக்கூடு படுத்து, பிரசவ வேதனையில் கால்களை விரித்திருக்கிறது. பிரசவம் பார்ப்பதும் எலும்புக்கூடு. அதற்குப் பட்டமளிப்பு விழா அங்கி. பிறந்திருக்கும் குழந்தையும் எலும்புக்கூடு. அதற்கும் பட்டதாரித் தொப்பி. பின்னால் வரிசையாகப் பேராசிரியர்கள், அங்கியும் தொப்பியுமாக, அவர்களும் எலும்புக்கூடுகள். பின்புலத்தில் உலகம் பற்றி எரிகிறது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போசாதாவின் கலாவேராதான் இது, சிரிப்பை மட்டும் கழற்றி எடுத்துவிட்ட கலாவேரா. இதை ஒரு கல்லூரிச் சுவரில், கல்லூரி கொடுத்த சம்பளத்திலேயே வரைந்திருக்கிறார். அனுமதித்த கல்லூரியையும் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது அதற்குப் பக்கத்துப் படம்: 'நவீன நரபலி'. கூடத்தின் மறுகோடியில் 'பண்டைய நரபலி' இருக்கிறது. முகமூடி அணிந்த பூசாரிகள், பிடித்து வைக்கப்பட்ட உடல், பிடுங்கப்படும் இதயம். அதற்கு ஜோடி இது. பெயர் தெரியாத போர்வீரனின் சமாதி. மலர்வளையம் மலர்வளையமாக மேலே குவிந்திருக்கிறது. நாட்டுக் கொடிகள். அணையா விளக்கு. வாத்தியக் கோஷ்டி. பேச்சாளர் ஒருவர். இத்தனைக்கும் அடியில், வண்ணத் துணிகளுக்குக் கீழே, எலும்புக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நினைவுகூர்வது என்ற பெயரில் செத்தவனை இரண்டாம் முறை புதைக்கிறார்கள் என்கிறது அந்தச் சுவர். முதல் உலகப் போர் முடிந்து 15 ஆண்டுதான் ஆகியிருந்தது அப்போது.

நான் அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றேன். என் வயதுக்காரர்கள் வாரம் ஒரு இரங்கல் கூட்டத்துக்குப் போகிறோம். மாலை, படம், இரண்டு நிமிட மௌனம், போனவரைச் சரியாகத் தெரியாத ஒருவரின் நீண்ட பேச்சு. ஒரோஸ்கோ வரைந்த பேச்சாளரை நான் பார்த்திருக்கிறேன் என்று மகளிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த சுவரில் தொடர் முடிகிறது. உரித்த தோல்போல் மஞ்சளும் பச்சையும் சிவப்புமான உடலோடு இயேசு. கையில் கோடாரி. தன் சிலுவையைத் தானே வெட்டிச் சாய்த்துவிட்டார். பின்னால் குப்பைமேடாகப் பீரங்கிகள், ஆயுதங்கள், கவிழ்ந்த தூண், ஒரு புத்தர் சிலை. உயிர்த்தெழுதல் என்றால் திருச்சபைப் படங்களில் ஒளியும் மேகமும் இருக்கும். இங்கே கோபம் இருக்கிறது. செத்து எழுந்தவர், தன்னைக் கொன்ற மரத்தைத்தான் முதலில் வெட்டுகிறார். பக்தர்கள் சிலருக்கு இது பிடிக்காது என்பது புரிகிறது. ஆனாலும் மரணத்துக்குப் பின் மறுபிறப்பு என்பதை இவ்வளவு தீவிரமாக யோசித்த ஓவியம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

மெக்சிகோ திரும்பிய பிறகு, குவாதலஹாரா நகரத்தில் காபான்யாஸ் அனாதை இல்லத்தின் தேவாலயத்தில் 1938, 39-ல் அவர் வரைந்ததைத்தான் பலரும் அவருடைய உச்சம் என்கிறார்கள். 57 சுவரோவியங்கள். 1997-ல் யுனெஸ்கோ அந்தக் கட்டடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நான் அங்கே போனதில்லை. நல்ல படங்களில்தான் பார்த்திருக்கிறேன். மேலே கோபுர விதானத்தில் 'நெருப்பு மனிதன்'. கீழே நின்று அண்ணாந்தால், சாம்பல் நிறத்தில் மூன்று உருவங்கள் வட்டமாகக் கிடக்க, நடுவில் ஒருவன் எரிந்துகொண்டே மேலே நடந்து போகிறான். பாதம்தான் நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. முகம் தீக்குள் போய்விட்டது. எரிந்து அழிகிறானா, எரிந்து பிறக்கிறானா?

இதைப் பார்க்கும்போது எனக்கு ஆஸ்தெக் மக்களின் இன்னொரு கதை நினைவுக்கு வரும். ஐந்தாவது சூரியன் பிறக்க ஒரு தெய்வம் தீயில் குதிக்க வேண்டும். தெயோத்திவாக்கானில் தேவர்கள் கூடினார்கள். பகட்டான தெக்கூசிஸ்தெகாத்ல் நான்கு முறை ஓடி வந்து நான்கு முறையும் பின்வாங்கினான். உடம்பெல்லாம் புண்ணான ஏழைத் தெய்வம் நானாவாட்ஸின் கண்ணை மூடிக்கொண்டு குதித்துவிட்டான். அவனே சூரியன். பின்னால் வெட்கப்பட்டுக் குதித்தவன் நிலவு. ஒரோஸ்கோ இதைத்தான் வரைந்தார் என்று நான் சாதிக்கவில்லை. அவர் தன் படங்களுக்கு விளக்கம் சொல்வதையே வெறுத்தவர். ஆனால் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் வளரும் கட்டடத்தில், அவர்கள் தலைக்கு மேல், அவர் இதை வரைந்தார் என்பதை நான் மறப்பதில்லை.

இனி அந்தத் தொப்பிக்காரியின் உடம்பு. 1920-களில் ழான் ஷார்லோ என்ற பிரெஞ்சு ஓவியர் போசாதாவின் தகடுகளைத் தேடிப்பிடித்து, மறந்துபோன பெயரை மீட்டார். 1930-ல் வந்த போசாதா தொகுப்புக்கு முன்னுரை எழுதியவர் தியேகோ ரிவேரா. அதே ரிவேரா 1947-ல், தெல் பிராதோ ஹோட்டலுக்காக 'அலமேதா பூங்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கனவு' வரைந்தார். நடுநாயகமாகத் தொப்பிக்காரி. முழு உடம்பு, வெள்ளைக் கவுன், கழுத்தில் இறகுப்பாம்புத் துண்டு. கத்ரீனா என்ற பெயர் நிலைத்தது இதன் பிறகுதான். ஒரு பக்கம் போசாதா அவள் கையைக் கோத்து நிற்கிறார். மறுபக்கம் அரைக்கால் சட்டைச் சிறுவனாக ரிவேரா அவள் கையைப் பிடித்திருக்கிறார். பின்னால் ஃபிரீதா காலோ. 1985 செப்டம்பர் பூகம்பத்தில் ஹோட்டல் சேதமடைந்தது. ஓவியம் தப்பியது. சுவரோடு பெயர்த்துக்கொண்டுபோய் அதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் கட்டினார்கள்.

அழகான ஓவியம். ஆனால் அதில் மரணம் ஒரு பெரியம்மா மாதிரி. கையைப் பிடித்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறாள். புரட்சி நடந்த ஆண்டுகளில் ரிவேரா பெரும்பாலும் ஐரோப்பாவில் இருந்தார். ஒரோஸ்கோ ஒரிசாபாவில் இருந்தார். எலும்புக்கூட்டோடு கைகோத்து நிற்க ஒருவரால் முடிந்தது, மற்றவரால் முடியவில்லை என்பதற்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

மெக்சிகோக்காரர்கள் மரணத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் என்ற பேச்சுக்கு அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர் ஒக்தாவியோ பாஸ். 1950-ல் வந்த அவருடைய 'தனிமையின் சிக்கல்பாதை' நூலில் அந்தப் பகுதி இருக்கிறது. ஆனால் மரணத்தை அலட்சியம் செய்வது வாழ்க்கையையும் அலட்சியம் செய்வதன் மறுபக்கம் என்று அவர் அங்கேயே எச்சரிக்கிறார். அந்தப் பாதியைச் சுற்றுலாத் துறை எடுத்துக்கொள்வதில்லை. பாஸ் 1962-லிருந்து டெல்லியில் மெக்சிகோ தூதராக இருந்தவர். 1968 அக்டோபர் 2 அன்று த்லாத்தெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்களை அரசுப் படைகள் சுட்டுக் கொன்றதைக் கண்டித்துப் பதவியை விட்டு விலகினார். அந்தச் சாவுகளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

டெல்லிக்கும் மெக்சிகோ சுவர்களுக்கும் இன்னொரு இணைப்பும் உண்டு. பிரிவினையின் கொடுமைகளை நேரில் பார்த்த சதீஷ் குஜ்ரால் 1952-ல் உதவித்தொகை பெற்று மெக்சிகோ போனார். ரிவேராவிடமும் சிகேரோஸிடமும் பழகினார். ஒரோஸ்கோ இறந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. ஆனால் முகத்தை மூடிக் குனிந்து அழும் குஜ்ராலின் பிரிவினை மனிதர்களைப் பார்த்தால், எனக்குப் 'பதுங்குகுழி'யில் மண்டியிட்டவன்தான் நினைவுக்கு வருகிறான்.

இன்று மெக்சிகோ நகரத்தில் இறந்தோர் நாளுக்குப் பிரமாண்ட ஊர்வலம் நடக்கிறது. ஏதோ புராதன வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 2015-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றில் அப்படி ஒரு ஊர்வலத்தைக் கற்பனையாகக் காட்டினார்கள். பார்த்தவர்கள் தேடிக்கொண்டு வருவார்களே என்று 2016-ல் நகரமே அதைத் தொடங்கிவிட்டது. வீதியெங்கும் கத்ரீனா வேஷம். கொண்டைக்கடலை விற்ற பெண்ணைக் கேலி செய்யப் பிறந்தவள் இன்று நாட்டின் ராணி. போசாதா பார்த்திருந்தால் அதற்கும் ஒரு தாள் போட்டிருப்பார். கிராமங்களிலும் சிறு ஊர்களிலும் கல்லறையில் இரவெல்லாம் மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் இதைப் பற்றி அலட்டிக்கொள்வதாகத் தெரியவில்லை.

ஒரோஸ்கோ 1949 செப்டம்பர் 7 அன்று, தூக்கத்தில், இதயம் நின்று இறந்தார். வயது 65. அப்போது தலைநகரத்தில் புதிதாகக் கட்டிய மிகேல் அலெமான் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவரில் வரைந்துகொண்டிருந்தார். பாதியில் நின்றுபோன அந்த ஓவியத்துக்கு அவர் வைத்த பெயர் 'வசந்தம்'. தேசத்தின் பெருமக்களுக்கான வட்டத்தில் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அந்த வட்டம் இருப்பது தோலோரெஸ் கல்லறைத் தோட்டத்தில்தான். அதே வளாகத்தில் எங்கோ போசாதாவின் எலும்புகளும் இருக்கின்றன.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு தகவல்: பாஸ்டனிலிருந்து ஹனோவருக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பேக்கர் நூலகத்தின் ஓவியக் கூடத்தைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. உட்கார நாற்காலிகள் இருக்கின்றன. நுழைந்ததும் மேற்குப் பக்கத்திலிருந்து தொடங்கிக் கிழக்காகப் போங்கள். கோடாரி ஏந்தியவர் கடைசியில் வருவார்.